சாமான் அப்படியே திரும்பி வர வண்டியை எங்கே விடலாம்: கம்பெனி சர்வீஸ், தெரிந்த மெக்கானிக், டிங்கரிங் பட்டறை

எங்கே விட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் வண்டியை ரிப்பேருக்கு விடுகிறோம். எங்கே விட்டால் அதில் இருக்கிற சாமான் அப்படியே திரும்பி வரும் என்று மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. மெக்கானிக்கை முகத்துக்கு நேரே திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு கூச்சம். புது பேட்டரியோடு உள்ளே போன கார் மறுவாரமே செல்ஃப் எடுக்காமல் முனகும். பானட்டைத் திறந்து பார்த்தால் வேறு ஏதோ பேட்டரி உட்கார்ந்திருக்கும். இந்தக் கதையைச் சொல்ல எல்லா ஊரிலும் ஆள் உண்டு.

கண்ணாடிக் கட்டடம் என்றால் நேர்மை, தகர ஷெட் என்றால் கைவரிசை என்று பலர் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். நான் அப்படிப் பிரிக்க மாட்டேன். வண்டி அங்கே எத்தனை ராத்திரி நிற்கும், எத்தனை பேர் கை அதில் படும், கழற்றிய சாமான் கடையை விட்டு வெளியே போகுமா என்ற மூன்றையும்தான் பார்ப்பேன். காலையில் விட்டு மாலையில் எடுக்கிற வேலைக்குப் பொருந்துகிற இடம், இன்ஜின் இறக்குகிற வேலைக்குப் பொருந்தாது. மோதி நசுங்கிய வண்டியின் கணக்கே வேறு.

எது கிளம்பும்

சட்டென்று கழற்ற வர வேண்டும், ஓட்டுகிறவருக்கு உடனே தெரியக் கூடாது, வெளியே விலை போக வேண்டும். மூன்றும் பொருந்துகிற சாமான்தான் கிளம்பும். பேட்டரிக்கு முதலிடம். அடுத்தது ஸ்டெப்னி. பல கார்களில் அது வாங்கிய நாளிலிருந்து ரோட்டைத் தொட்டிருக்காது. சொந்தக்காரர் டிக்கியின் அடித்தட்டைத் தூக்கிப் பார்ப்பது பஞ்சரான அன்றைக்குத்தான். அன்றைக்கு அங்கே ஒரு மொட்டை டயர் இருந்தால், கடைசி மூன்று சர்வீஸில் எங்கே மாறியது என்று யாரைப் போய்க் கேட்பது? ஜாக்கி, வீல் ஸ்பேனர், டூல்ஸ் பை எல்லாம் இதே ரகம்.

பலர் நினைத்துப் பார்க்காத சாமான் சைலன்சர் வழியில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். புகையைச் சுத்தப்படுத்துவதற்காக அதன் உள்ளே தேன்கூடு மாதிரி கண்ணறைகள் இருக்கும்; அவற்றின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். அதனால்தான் துருப்பிடித்த பழைய கன்வெர்ட்டருக்கும் காசு. உள்ளே இருப்பதை உருவிவிட்டு வெறும் கூட்டை வெல்டிங் வைத்து மாட்டினாலும் வண்டி ஓடும். சத்தம் கூடும், புகை நாற்றம் மாறும், காரில் செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் போட்டால் பி0420 என்ற பிழைக் குறியீடு காட்டக்கூடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கிற பைக்குகளில் இது பெரும்பாலும் சைலன்சர் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. "சைலன்சர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றால் தாராளமாக மாற்றலாம். பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை அதற்கு ஒரு விலை பேசிப் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

இங்கே உங்கள் பலம் காகிதம். வண்டியை விடும்போது நிரப்புகிற ஜாப் கார்டில் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, ஸ்டெப்னி, ஜாக்கி, மேட், மியூசிக் சிஸ்டம் என்று வரிசையாகக் கட்டம் இருக்கும். கேமரா இருக்கும். வண்டியை வாங்கிக்கொள்கிற சர்வீஸ் அட்வைசர் கைவிரித்தால் மேனேஜர், மேனேஜர் கைவிரித்தால் கம்பெனியின் கஸ்டமர் கேர் என்று படியேறிப் போக வழி உண்டு. ஒரு ஜாக்கிக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள டீலர் விரும்ப மாட்டார்.

பலவீனம், நீங்கள் உள்ளே போக முடியாதது. அட்வைசரிடம் சாவி கொடுத்த பிறகு வண்டி வாட்டர் வாஷ் பையன், டெக்னீஷியன், அலைன்மென்ட் ஆள், டிரையல் ஓட்டுகிறவர் என்று கை மாறிக்கொண்டே போகும். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் அட்வைசர் எல்லாக் கட்டத்திலும் ஒரே மூச்சில் டிக் அடித்து "இங்க ஒரு சைன் பண்ணுங்க சார்" என்பார். நாமும் ஆபீசுக்கு நேரமாகிறதென்று போட்டுவிடுவோம். ஸ்டெப்னி என்ற கட்டத்தில் ஒரு டிக் இருந்தால் ஸ்டெப்னி இருந்தது என்று மட்டும்தான் ஆகும். எந்த டயர், எவ்வளவு பட்டன் மிச்சம் என்பது அதில் இருக்காது.

இந்த மாதிரி இடங்களில் பெரிய சாமான் மாறுவதைவிட வேறு இரண்டு தொந்தரவுதான் அதிகம். ஒன்று, டாஷ்கேம் மெமரி கார்டு, சார்ஜர், கூலிங் கிளாஸ் மாதிரி உதிரிகள். வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் போனால் தீர்ந்தது. இரண்டாவது, மாற்றாத சாமானை மாற்றியதாகப் பில்லில் ஏற்றுவது. ஏர் ஃபில்டர், ஏ.சி. ஃபில்டர், பிரேக் பேடு என்று பில்லில் இருக்கும். வண்டியில் பழையதே தட்டித் துடைத்து உட்கார்ந்திருக்கும். இதற்கு மருந்து, ஜாப் கார்டிலேயே "பழைய சாமான்களைத் திருப்பித் தரவும்" என்று உங்கள் கையால் எழுதிவிடுவது. டெலிவரி எடுக்கும்போது கேட்டால் "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சே சார்" என்பதுதான் பதில். முன்னாலேயே எழுதிவிட்டால் அந்த வரியைப் பார்க்கிற டெக்னீஷியன் கழற்றியதை ஒரு கவரில் போட்டு காலடியில் வைத்துவிடுவார்.

எல்லாப் பழைய சாமானையும் கேட்டு வாங்க முடியாது. வாரன்டியில் இலவசமாக மாற்றியது கம்பெனிக்குத் திரும்பப் போகும். பழைய பேட்டரியைக் கொடுத்துத் தள்ளுபடி வாங்கியிருந்தால் அது உங்களுடையது அல்ல. இன்ஷூரன்ஸ் கிளெய்மில் கழற்றியதை சால்வேஜ் என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

தெரிந்த மெக்கானிக்

பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். இந்த ஒன்றுக்காகவே ஆயில் மாற்றுகிற, பிரேக் சரிசெய்கிற, கிளட்ச் கேபிள் போடுகிற அரைநாள் வேலைக்கெல்லாம் நான் இவரையே சொல்வேன். கேனைப் பிரிப்பது நம் கண் முன்னால். ஒரு லிட்டர் பாட்டிலில் ஸ்கூட்டருக்கு முக்கால் லிட்டர் அளவில் ஊற்றிவிட்டு மிச்சத்தை ஓரமாக வைப்பதும் நம் கண் முன்னால்தான். அந்த மிச்சத்தைச் சிலர் கேட்டு வாங்குவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். நான் விட்டுவிடுகிற கட்சி. அடுத்த முறை அவசரத்துக்கு ஓடிவருகிற மெக்கானிக்கிடம் கால் லிட்டர் ஆயிலுக்குக் கணக்குப் பார்ப்பதில் லாபமில்லை.

சிக்கல் ராத்திரியில் ஆரம்பிக்கிறது. ஷெட்டுக்குள் நாலு வண்டிக்குத்தான் இடம், மிச்சமெல்லாம் ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில். பேட்டரியைத் தூக்குகிறவன் மெக்கானிக்காகவே இருக்க வேண்டியதில்லை, தெருவில் போகிற எவனுமாக இருக்கலாம். வேலை ஒரு நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் முதலில் கேட்க வேண்டியது கூலி அல்ல. "அண்ணே, ராத்திரி வண்டி எங்க நிக்கும்?"

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. ஸ்பேர் வருவதற்காக உங்கள் வண்டி பத்து நாள் காத்திருக்கிறது. அதே மாடல் வண்டி ஒன்று அவசரமாக வருகிறது, செல்ஃப் ரிலே போய்விட்டது, கடையில் ஸ்டாக் இல்லை. உங்களுடையதைக் கழற்றி அதில் போட்டு அனுப்பிவிட்டு, நாளைக்குப் புதுசு வாங்கிப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் நினைக்கிறார். திருடுகிற எண்ணமே அவருக்கு இல்லை. பெரும்பாலும் திருப்பிப் போட்டும் விடுவார். சில சமயம் மறந்துபோகும், சில சமயம் புதுசுக்குப் பதில் பழசு வரும். சும்மா நிற்கிற வண்டிதான் இந்தக் கைமாற்றுக்கு இரையாகும். அதனால் ஸ்பேருக்குக் காத்திருக்க வேண்டும், வண்டியும் ஓடுகிற நிலையில் இருக்கிறது என்றால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஓடாது என்றாலும் இரண்டு நாளைக்கு ஒரு தடவை கடைப்பக்கம் தலையைக் காட்டி ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். வந்து எட்டிப் பார்க்கிறவர் வண்டியில் கைவைக்கத் தயங்குவார்கள்.

இன்ஜின் இறக்கினால்

சாமான் கடையை விட்டு வெளியே போகிற வேலை இது, இருப்பதிலேயே கவனம் தேவைப்படுவதும் இதுதான். போரிங் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க, பிளாக் லேத்துக்குப் போகும். ஹெட், வால்வு உட்கார வைக்கிற கடைக்குப் போகும். டீசல் வண்டி என்றால் பம்ப்பும் இன்ஜெக்டரும் அதற்கென்றே உள்ள ஆளிடம் போகும். ஜாப் கார்டு, கேமரா எதுவும் அங்கே வராது. லேத் கடைக்குள் எட்டிப் பார்த்தால் அலமாரியில் ஒரே மாடல் பிளாக்குகள் ஏழெட்டு கிரீஸ் பூசி வரிசையாக இருக்கும். எது யாருடையது என்பது ஒரு சாக்பீஸ் எழுத்தை நம்பி இருக்கும், அதுவும் டீசலில் கழுவியதும் போய்விடும். கெட்ட எண்ணமே இல்லாமல் மாறிப்போக இது போதும். முதல் போரிங்கில் இருக்கிற உங்கள் பிளாக் போய், ஏற்கெனவே மூன்று தடவை கடைந்து பெரிதாக்கிய யாருடைய பிளாக்கோ வந்து சேர்ந்தால் அடுத்த முறை போரிங்குக்கு இடமே இருக்காது.

சாக்பீஸும் பெயின்ட்டும் இங்கே உதவாது. இன்ஜினை இறக்கும்போது கூடவே இருந்து, பிளாக்கின் ஓரத்தில், கேஸ்கெட் உட்காருகிற முகத்தைத் தொடாமல், சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் இரண்டு புள்ளி தட்டச் சொல்லுங்கள். ஹெட்டிலும் அதே மாதிரி. மெக்கானிக்கிடமே சுத்தியும் சென்டர் பஞ்ச்சும் இருக்கும், இரண்டு நிமிட வேலை. புல்லட், ஆர்.எக்ஸ்.100, யெஸ்டி மாதிரி பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் இதைப் பழக்கமாகவே செய்வார்கள். அந்த வண்டிகளின் ஒரிஜினல் கார்புரேட்டருக்கும் கிராங்குக்கும் இன்றைக்கு இருக்கிற கிராக்கி அவர்களுக்குத் தெரியும். இன்ஜெக்டரிலும் பம்ப்பிலும் நம்பர் பொறித்திருக்கும். போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். கிரான்க் கேஸில் உள்ள இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, வேலைக்கு முன்பும் பின்பும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் மாறியிருந்தால் அது ஆர்.டி.ஓ. வரை போகிற விவகாரம்.

இந்த வேலைக்குக் கம்பெனியா, மெக்கானிக்கா? பழைய வண்டிக்கு, உள்ளே விட்டுப் பார்க்க அனுமதிக்கிற மெக்கானிக்தான். எந்த லேத்துக்கு அனுப்புகிறார் என்று சொல்லவும், கூட அழைத்துப் போகவும் தயாராக இருக்கிறவரைத் தேர்ந்தெடுங்கள். "அதெல்லாம் நம்ம ஆளு, நீங்க எதுக்கு சார் அலையறீங்க" என்று மழுப்பினால் வேறு கடை பார்க்கலாம். வாரன்டிக்குள் இருக்கிற வண்டிக்கு யோசிக்கவே வேண்டாம், கம்பெனிதான்.

டிங்கரிங், ஆக்சிடென்ட் வேலை

வாரக்கணக்கில் நிற்கும். கதவு லைனிங், ஸ்பீக்கர், ஹெட்லைட், பம்பர், சீட் என்று எல்லாம் கழற்றி ஒரு மூலையில் குவியும். டிங்கர், பெயின்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒவ்வொருவரும் வேறு வேறு நாளில் வருவார்கள். யார் கழற்றியது, யார் மாட்ட வேண்டியது என்பதே குழம்பும். ஆரம்பத்தில் சொன்னவற்றில் ராத்திரிக் கணக்கும் கைகளின் எண்ணிக்கையும் ஒன்றாக மோசமாக அமைகிற இடம் இதுதான்.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் இருந்தால் கேஷ்லெஸ் வசதி உள்ள கம்பெனி பாடி ஷாப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். சேதத்தை மதிப்பிடுகிற இன்ஷூரன்ஸ் சர்வேயரின் ரிப்போர்ட்டில் எது மாற்றுவது, எது ரிப்பேர் செய்வது என்று சாமான் வாரியாக இருக்கும். அதுவே உங்கள் பட்டியல். அதில் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "மாற்று" என்று எழுதி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் காசு வாங்கிய ஹெட்லைட்டைப் பாலிஷ் போட்டு மாட்டியிருந்தால் அந்த நகலை வைத்துத்தான் பேச முடியும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், மிச்சம் உங்கள் கைக்காசு. ஆகவே பம்பர் புதுசா பழசா என்பது உங்கள் காசு சம்பந்தப்பட்டதும்கூட.

கிளெய்ம் இல்லாத கைக்காசு வேலைக்கு வெளிப்பட்டறைதான் கட்டுப்படியாகும், அதில் தப்பில்லை. விடுவதற்கு முன்னால் டிங்கரிங்குக்கும் கண்ணாடிக்கும் பெயின்ட்டுக்கும் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் வீட்டில் இறக்கிவிடுங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், மேட், மியூசிக் சிஸ்டம். பேட்டரியையும் கழற்றி எடுத்து வரலாம். பாடியில் வெல்டிங் வைக்கும்போது எப்படியும் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், அதனால் பட்டறைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார். பெயின்டிங் முடியும்வரை வண்டியைத் தள்ளி நகர்த்தினால் போதும், ஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. எலக்ட்ரிக் ஸ்கூட்டரில் கழற்றுகிற மாதிரி பேட்டரி இருந்தால் இதை மறக்கவே கூடாது. வண்டியிலேயே விலை உயர்ந்த சாமான் அதுதான்.

வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்கிற ஆப் மெக்கானிக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி உங்கள் போர்டிகோவில் நிற்கிறது, ராத்திரி என்ற பேச்சே இல்லை, சாமான் விஷயத்தில் இதைவிடப் பத்திரம் கிடையாது. போடுகிற ஃபில்டரும் ஆயிலும் ஒரிஜினலா என்பதுதான் கேள்வி. லிஃப்ட் தேவைப்படுகிற வேலை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்போது எந்த ஷெட்டுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பேரை நாமே வாங்கிக் கொடுத்தால்?

சென்னை என்றால் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகள். நாமே வாங்கிக் கொடுத்தால் ஒரிஜினல் விலையில் டூப்ளிகேட் போடுகிற வேலை நடக்காது, பில்லும் நம் பெயரில். ஆனால் சாமான் சீக்கிரம் போய்விட்டால் "நீங்க வாங்கிட்டு வந்ததுதானே" என்று மெக்கானிக் கழன்றுகொள்வார். வேலைக்கு உத்தரவாதம் கேட்க முடியாது. பேட்டரி, டயர், பிரேக் பேடு மாதிரி பெயர் சொல்லி வாங்குகிற சாமானை நாம் வாங்கலாம். பேரிங், சீல், கேஸ்கெட் மாதிரி அளவு தப்பினால் அலைச்சலாகிறதை மெக்கானிக் வாங்குவதே நல்லது, காலி டப்பாவையும் பில்லையும் மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பின்னால் தகராறு வந்தால் அந்தச் சாமான் உங்கள் வண்டியில் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

சாவி கொடுக்கும் முன்

எந்த இடமானாலும் மொபைலில் ஒரே ஓட்டமாக ஒரு வீடியோ. வெளியே ஒரு சுற்று, மீட்டரில் கிலோமீட்டரும் பெட்ரோல் முள்ளும், பானட்டைத் திறந்து பேட்டரியின் சீரியல் நம்பர், டிக்கியில் ஸ்டெப்னி, நாலு டயரின் பக்கவாட்டு எழுத்து. டயரில் டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கிற வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரான வாரமும் வருஷமும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆம் வாரம். அந்த நாலு இலக்கம் மாறியிருந்தால் டயர் மாறியிருக்கிறது, இதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை. வீடியோவை அட்வைசரோ மெக்கானிக்கோ பார்க்கும்படி எடுங்கள், முடிந்தால் அவருடைய வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். "இன்ஷூரன்ஸுக்குக் கேக்கறாங்க அண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் மனக்கசப்பு வராது.

மாறிவிட்டது என்று தெரிந்தால்

இன்ஷூரன்ஸை அதிகம் நம்ப வேண்டாம். வழக்கமான டூவீலர் பாலிசியில் வண்டியும் சேர்ந்து திருடு போனால் தவிர, ஆக்சஸரி மட்டும் திருடு போனதற்குப் பணம் கிடையாது.

"வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில் விடப்படுகின்றன" என்று சுவரிலும் ஜாப் கார்டிலும் எழுதியிருப்பதைக் காட்டினால் பயந்துவிடாதீர்கள். பொருளை ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 சொல்கிறது. தில்லி ஓட்டல் ஒன்றில் 1998இல் பார்க்கிங் ஊழியரிடம் சாவி கொடுத்த மாருதி ஜென் கார் திருடு போன வழக்கில், இதே மாதிரி வாசகம் டோக்கனில் இருந்தும் ஓட்டல் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தீர்ப்பளித்தது. அது சர்வீஸ் சென்டர் வழக்கு அல்ல; ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டவர் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்ற அடிப்படை இங்கேயும் பொருந்தும்.

டெலிவரி எடுக்கிற இடத்திலேயே, கேட்டைத் தாண்டும் முன் பாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். கோபத்தில் பில்லைக் கட்டாமல் நிற்பதில் பயனில்லை. செய்த வேலைக்குப் பணம் வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க அதே சட்டத்தின் 170ஆவது பிரிவு கடைக்காரருக்கு உரிமை தருகிறது, அந்த இழுபறியில் வண்டி இன்னும் சில ராத்திரி அங்கேயே நிற்கும். பணத்தைக் கட்டுங்கள், பில்லில் "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதுங்கள், வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனுவோடு ஜாப் கார்டு நகல், ஆட்சேபம் எழுதிய பில், சாவி கொடுத்த அன்று எடுத்த வீடியோ மூன்றையும் இணைத்துவிடுங்கள்.